கூப்பிட ஒரு பேர், எழுத ஒரு பேர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தைப் பெயர் பற்றியவை. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் பெயர்களோடு வாழ்ந்தவள் நான். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியது, வருகைப் பதிவில் கூப்பிட்டது, மாற்றுச் சான்றிதழில் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தது என்று எத்தனையோ ஆயிரம் பெயர்கள். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, பெயர்ப் பேச்சு மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது. பிரசவம் என் தாய்வீடான முசிறியில். பேர் வைத்த அன்று காதில் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. மூன்றாம் மாதத்திலிருந்து எல்லோரும் 'சிட்டு' என்றுதான் கூப்பிடுகிறோம், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். என் கணவர், "அதையே எழுதிவிடலாம், சின்னதாக, தமிழாக, வாயில் நுழைகிற மாதிரி இருக்கிறது" என்கிறார். மாமியாருக்குத் தன் மாமியார் பெயரான காமாட்சியை வைக்க ஆசை. எனக்கு யாழினி என்று வைக்க வேண்டும். நாளைக்கு ஒரு வங்கியில் மேலாளராக உட்காரும்போது 'சிட்டு' என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள முடியுமா? நீங்களே சொல்லுங்கள் டீச்சர்.
– ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் உங்கள் கணவருக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். 1984-ல் பாபநாசம் பக்கத்தில் ஓர் ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் சின்னப்பொண்ணு, பெரியதம்பி, பாப்பாத்தி, குழந்தையம்மாள், ராசாத்தி, தங்கம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். எல்லாமே ஒரு காலத்தில் யாரோ கொஞ்சிக் கூப்பிட்ட சொற்கள்தான். பள்ளியில் சேர்க்கும் அன்று, "பிள்ளை பேர் என்ன?" என்று தலைமையாசிரியர் கேட்டதும் அப்பாவோ மாமாவோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. அந்தப் பாப்பாத்திகளில் ஒருவர் எழுபது வயதில் எங்கள் ஊர் அஞ்சலகத்துக்கு வந்து, கையெழுத்துப் போட்டு உதவித்தொகை வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பேரால் அவருக்கு மரியாதை ஒரு துளியும் குறைந்து நான் பார்த்ததில்லை. வங்கி மேசையில் 'சிட்டு' என்று பலகை இருந்தால் ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிடும். பேர் சின்னதாக இருப்பதால் ஆள் சின்னதாகிவிட மாட்டாள்.

இவ்வளவு சொன்ன பிறகும், சிட்டு என்று எழுத வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கு நான் படித்த பள்ளிக்கூடத்து முதல் வாரத்தைச் சொல்ல வேண்டும். என் பெயர் தையல்நாயகி. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் அது. வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பெயர். என் அம்மாவால் மாமியார் பெயரை வாயால் சொல்ல முடியாது, அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அதனால் பிறந்த நாளிலிருந்து நான் 'பாப்பா'. ஐந்து வயதில் அப்பா பள்ளிக்குக் கூட்டிப்போனார். பிறப்புச் சான்றிதழெல்லாம் யாரும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் வாத்தியார் வருகை எடுக்கும்போது, "தையல்நாயகி" என்று கூப்பிட்டார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தையல்நாயகி என்றால் எனக்குப் பாட்டிதானே! இரண்டு நாள் வரவில்லை என்றே குறித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, "சார், இது எங்க தெருப் பாப்பா சார்" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். அன்று முழுக்க வகுப்பில் இருந்த அத்தனை பேரும் பாப்பா, பாப்பா என்று என்னைச் சுற்றினார்கள். வீட்டுக்கு வந்து பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுதேன். எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மா சொல்கிற சொல், முன்பின் தெரியாத நாற்பது பேர் வாயில் வந்தபோது என்னவோ போல இருந்தது. ஏன் என்று சொல்ல அப்போது தெரியவில்லை. மறுநாள் வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டி, "இந்த வகுப்பில் அவள் பேர் தையல்நாயகி. வேறு பேர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது" என்றார். அந்த நிமிடத்தில்தான் அந்தப் பெரிய பேர் எனக்குப் பிடித்தது. அது வெளியே காவலுக்கு நின்றது. பாப்பா பத்திரமாக வீட்டுக்குள் இருந்தாள்.

இன்றைக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணனும் போய்விட்டார். என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது மன்னார்குடியில் உள்ள சித்தி ஒருவர்தான். எண்பத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, "பாப்பா, சாப்பிட்டியா?" என்பார். என் ஓய்வூதியப் புத்தகத்துக்கு அந்தப் பேர் தெரியாது, ஆதாருக்குத் தெரியாது, கடன் வேண்டுமா என்று போன் செய்து கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லை நான் எந்த அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அதனால்தான் சித்தி கூப்பிடும்போது இன்னும் எனக்கு ஐந்து வயதாகிறது.

உங்கள் சிட்டுவையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் எழுதிவிட்டால் ஆஸ்பத்திரி வரிசையிலும், ரேஷன் கடையிலும், தேர்வு அறையிலும் அவள் சிட்டுதான். அப்புறம் நீங்கள் கொஞ்சுவதற்கு வேறொரு பேர் தேட வேண்டும். தேடவும் செய்வீர்கள்! செல்லப்பெயரைப் பதிவேட்டில் ஏற்றியபின் வீட்டில் புதிதாக ஒன்று முளைத்ததை நான் எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். என் மாணவி ஒருத்திக்குப் பதிவேட்டிலேயே 'அம்மு'தான். அவள் அம்மா அவளை வீட்டில் 'குட்டிம்மா' என்று கூப்பிடுவார்.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கதையும் இங்கே பொருந்தும். உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர் என்று நாம் சொல்கிறோமே, அவருக்கு முதலில் வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமா. 1871-ல் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பிள்ளை விசாரித்தார். சாமா என்றதும், அதன் முழு வடிவம் என்ன என்று கேட்டார். சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்று தெரிந்ததும், இனி அந்தப் பேரையே சொல்லுங்கள் என்றார். இதைத் தமிழ்த் தாத்தாவே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த ஆசிரியரை நினைத்து நான் பல தடவை வியந்திருக்கிறேன். மாணவனுடைய வீட்டு வாசனை அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் சாமா என்ற சொல்லை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பெரிய வடிவத்தை ஊருக்கு வாங்கிக்கொண்டு, சின்ன வடிவத்தை வீட்டுக்கே விட்டுவிட்டார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜனையும் வீட்டில் சின்னசாமி என்றுதான் கூப்பிட்டார்கள். பாரதியார் வீட்டில் சுப்பையா, எம்.எஸ். சுப்புலட்சுமி குஞ்சம்மா. நம் ஊரில் இரண்டு பேர் என்பது புது ஏற்பாடு ஒன்றும் இல்லை.

சரி, காமாட்சியா யாழினியா? மாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சண்டை போடுகிற மாதிரி வேண்டாம், இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேளுங்கள்: "அத்தை, காமாட்சின்னு வெச்சா நீங்க அப்படியே கூப்பிடுவீங்களா?" அவருடைய மாமியார் பேர் அது. ஒருவேளை அவர் வாயில் வராது. பிள்ளை தப்புச் செய்தால் அந்தப் பேரைச் சொல்லித் திட்டவும் மனம் வராது. என் அம்மாவுக்கு வந்ததே இல்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, சிட்டு இருக்கிறாளே. ஆனால் அந்தப் பேச்சு நடந்தால் அவருக்கு அந்தப் பேர் ஏன் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். சில மாமியார்களுக்கு, தன்னை நன்றாக வைத்திருந்த ஒரு கிழவியின் ஞாபகம். சிலருக்கு, செத்துப்போன கணவர் ஆசைப்பட்டது.

என் மனம் எந்தப் பக்கம் என்றால், காமாட்சி பக்கம்தான். பாட்டி பேரைச் சுமந்து அறுபது வருடம் நன்றாகவே வாழ்ந்தவள் நான். இன்னொரு காரணமும் உண்டு. நான் ஓய்வுபெற்ற 2018-ல் எங்கள் பள்ளியில் மூன்று யாழினிகள் படித்தார்கள், காமாட்சி ஒருத்திகூட இல்லை. ஆனாலும் பெற்றவர் நீங்கள். முகம் சுளிக்காமல் உங்களால் கூப்பிட முடியாத பேரைக் குழந்தைக்கு வைக்கக் கூடாது. பத்து நாள் இப்படிச் செய்யுங்கள். ஐந்து நாள் காமாட்சி, ஐந்து நாள் யாழினி. பொழுது சாயும் நேரத்தில் கொல்லைப்பக்கத்திலிருந்து வாசல்வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள். கோபமாக ஒரு தடவை, அவசரமாக ஒரு தடவை. எந்தப் பேர் தொண்டையில் சிக்காமல் வருகிறதோ அதை எழுதுங்கள். எல்லோரையும் சமாதானப்படுத்த 'யாழினி காமாட்சி' என்று இரண்டு சொல்லாக மட்டும் எழுத வேண்டாம். ஓர் அலுவலகத்தில் ஒய்.காமாட்சி ஆவாள், இன்னொன்றில் கே.யாழினி ஆவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒன்றுசேர்க்க அவர்களின் பெற்றோர் எவ்வளவு அலைந்தார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அவசரப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பிரசவம் முசிறியில் என்பதால், சேர்க்க வேண்டியதும் முசிறியில் பதிவு செய்த பதிவாளரிடம்தான், கரூரில் இல்லை. நீங்களும் கணவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பின்னால் பேச்சு வராது. ஆங்கில எழுத்தையும் வீட்டிலேயே முடிவு செய்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள். யாழினிக்கு 'ழ' வருகிறது. இசட், எச் போடுவதா, எல் போடுவதா என்பதை கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்ய விட்டுவிடாதீர்கள். எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கூட்டினால் எல்லா இடத்திலும் அதே மாதிரி கூட்டி எழுதுங்கள்.

ஒரு முறை எழுதிவிட்டால் மாற்றுவது லேசில்லை. எழுத்துப்பிழை திருத்துவது வேறு, பேரையே மாற்றுவது வேறு. அதிலும் 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் காதைத் தொட்டால் போதும். உங்கள் மகளுக்கு அந்த ஒரு தாள்தான் எல்லாம். அதில் எந்தப் பேரைப் பார்க்க அவள் ஆசைப்படுவாள் என்று யோசித்து எழுதுங்கள். சிட்டுக்கு என் முத்தம்.

கேள்வி: என் மகன் வழிப் பேரனுக்கு என் பெயரான சங்கரலிங்கம் என்பதையே வைத்தார்கள். ஊரைக் கூட்டி விருந்து போட்டோம். இப்போது அவனுக்கு நான்கு வயது. மருமகள் ஒரு நாள்கூட அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி, கண்ணா, லிங்கு என்று ஏதேதோ சொல்கிறாள். என் மனைவியும் அப்படித்தான். பேருக்குத்தான் என் பேர் போலிருக்கிறது. மனசு வலிக்கிறது.
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: ஐயா, நீங்கள் வருத்தப்படுகிற விஷயம் மரியாதையால் வந்தது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பெயர்த்திதான் பேத்தி ஆனாள். சங்கப் பாட்டிலேயே தந்தையின் பெயர் தாங்கிய பிள்ளையைப் பெயரன் என்று சொல்கிற இடம் உண்டு. ஆக, அவ்வளவு பழைய வழக்கம் உங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கமும் நடந்து வந்தது. மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது, மனைவி கணவன் பேரைச் சொல்லக் கூடாது. இரண்டு வழக்கமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் குழந்தையை எப்படிக் கூப்பிடுவது? அதனால்தான் நம் வீடுகளில் இத்தனை தம்பியும் கண்ணனும் ராசாவும். கூப்பிடுகிற பேர் ஒன்று தனியாக வேண்டியிருந்தது.

பள்ளியில் பிள்ளை சேர்க்க வருகிற தாய்மார்களிடம், அப்பா பேர் என்ன என்று கேட்டால் திணறுவார்கள். ஒருவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகனைக் காட்டினார். "முருகன்தானே அம்மா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, "இவருக்கு அண்ணன்" என்றார். கணேசன் என்று எழுதிக்கொண்டேன். இன்னொருவர், "திருவண்ணாமலையில் யாரைப் போய்க் கும்பிடுகிறோம் டீச்சர், அவர்தான்" என்றார். அருணாசலம். அந்தப் பெண்களின் வெட்கத்தில் ஒரு பிரியம் இருந்தது. அந்த வழக்கம் நல்லதா என்று என்னைக் கேட்டால், பெண்களுக்கு மட்டும் வாய்ப்பூட்டு போட்ட வழக்கம் என்றே சொல்வேன். என் மருமகள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்குச் சம்மதம். ஆனால் உங்கள் மருமகள் உங்கள் பேரைச் சொல்லாததில் அலட்சியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்களே, லிங்கு என்று கூப்பிடுகிறாள் என்று! உங்கள் பேரின் கடைசியைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று செய்யுங்கள். நீங்களே மருமகளைக் கூப்பிட்டு, "என் பேரைத் தாராளமாகச் சொல்லும்மா, எனக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். பெரியவர் வாயிலிருந்து அனுமதி வராமல் அவளாக ஆரம்பிக்க மாட்டாள். இன்னொன்று, அவன் பள்ளிக்குப் போவதற்குள் தன் முழுப்பேரைப் பழகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வருகை எடுக்கும்போது என்னைப் போலப் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அதை நீங்கள் செய்யுங்கள். சாயந்திரம் கடைக்குக் கூட்டிப்போகும்போது, "உன் பேர் என்ன?" என்று கேட்டு, சங்கரலிங்கம் என்று அவன் சொன்னதும், "என் பேரும் அதுதான்" என்று சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய அதிசயம்.

கேள்வி: என் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழில் 'ஆதவன்'. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டுப் பேரான 'அப்பு' என்று என் மாமனார் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆதாரிலும் அப்புதான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: நல்ல வேளை, இப்போதே கேட்டீர்கள். நாளைக்கே பள்ளிக்குப் போய், பிறப்புச் சான்றிதழ் நகலோடு தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்னால் பள்ளிப் பதிவுகள் சரியாகிவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். அந்தப் பட்டியலைச் சரிபார்க்கப் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். பலர் அவசரத்தில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், முன்னெழுத்து உட்பட ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்.

ஆதாரையும் பிறப்புச் சான்றிதழைக் காட்டி மாற்றிவிடுங்கள். ஆதாரில் வாழ்நாளுக்கு இரண்டு முறைதான் பெயர் மாற்றலாம், அதனால் ஆங்கில எழுத்தை முடிவு செய்துகொண்டு போங்கள். பதினைந்து வயதில் கைரேகை, கண் பதிவை எப்படியும் புதுப்பிக்க வேண்டும். அந்த வயது ஆகிவிட்டால் இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

ஒருவேளை, உங்கள் மகன் அப்புவாகவே இருக்க விரும்பினால்? பதினான்கு வயதுப் பிள்ளையைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். அவன் அப்படிச் சொன்னால், அரசிதழில் வெளியிட்டுப் பெயர் மாற்றம் செய்துகொள்ளும் வழி இருக்கிறது. சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அவன் ஆதவன் என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன். அந்த வயதில் வகுப்பில் அப்பு என்று கூப்பிடுவதைப் பிள்ளைகள் அவ்வளவாக விரும்புவதில்லை. மாமனாரைக் குறை சொல்ல வேண்டாம். அவருக்கு அவன் அப்பு, அவ்வளவுதான்.

கேள்வி: மகனும் மருமகளும் துபாயில் இருக்கிறார்கள். பேத்திக்கு 'இதழ்' என்று ஒரே சொல்லில் பேர் வைக்க ஆசைப்படுகிறார்கள். முன்னெழுத்துக்கூட வேண்டாமாம். ஒரு சொல் பேரால் விசாவில் பிரச்சினை வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொஞ்சம் உண்மை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனாலும் பயணம் செய்கிற குடும்பத்துக்கு அந்தக் கவலையே வேண்டாம். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை எழுத்தாக எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குழந்தையின் பேர் 'இதழ்', குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பேர் அல்லது அம்மாவின் பேர் என்று எழுதிவிட்டால் போதும். சின்னப் பேருக்குப் பக்கத்தில் பெற்றவர் பேர் ஒன்று இருப்பது அழகாகத்தான் இருக்கும். இதழ் நல்ல பேர். கடைசியில் 'ழ்' வருகிறது, துபாயில் வளர்ந்தாலும் தன் பேரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டாலே பாதித் தமிழ் வந்துவிடும்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதிக்கு அம்மா வரும்போதெல்லாம் தோழிகள் முன்னால் 'புஜ்ஜி' என்று கூப்பிடுகிறார். போன வாரம் கோபத்தில், "இனிமேல் அப்படிக் கூப்பிடாதே" என்று கத்திவிட்டேன். அதிலிருந்து போனில்கூட என் முழுப்பேரைத்தான் சொல்கிறார். எனக்கு என்னவோ போல் இருக்கிறது.
– ஒரு மாணவி, மதுரை

பதில்: கண்ணு, உனக்கு என்னவோ போல் இருப்பதுதான் சரி. நீ கேட்டது நியாயம், சொன்ன விதம்தான் கடுமையாகிவிட்டது. விடுதி வாசலில், தோழிகளுக்கு நடுவில் அந்தப் பேர் வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. அம்மா அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, எங்குமே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போன் செய். மன்னிப்பு, விளக்கம் எல்லாம் நீட்ட வேண்டாம். அவர் எடுத்ததும், "அம்மா, புஜ்ஜி பேசறேன்" என்று ஆரம்பி. அடுத்த தடவை விடுதிக்கு வரும்போது அவர் மறந்துபோய் தோழிகள் முன்னால் ஒரு தடவை கூப்பிட்டுவிடுவார். அப்போது முகத்தைத் திருப்பாமல், "என்னம்மா?" என்று கேள்.